பதினேழாம் நாள்



2020ஆம் ஆண்டின் தவக்காலத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் மாதக் கடைசியில் ஆலயக் கதவுகளைப் பூட்டினோம். குருத்து ஞாயிறன்று பவனி இல்லை. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு இல்லை. ஏப்ரல் 12ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, குருக்களாகிய நாங்கள் வெறும் பெஞ்சுகளைப் பார்த்து "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொன்னோம். பதில் சொல்ல ஆள் இல்லை. வீட்டில் கைப்பேசியை ஏதாவது ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு நீங்கள் பூசை கண்டீர்கள். "சாமி, நன்மை வாங்கி எத்தனை நாளாச்சு!" என்று தொலைபேசியில் அழுதவர்கள் உண்டு. சில மாதங்கள்தான். அதற்குள் நாம் எவ்வளவு தளர்ந்துபோனோம்! கதவு திறந்த பிறகும் திரும்பி வராத பெஞ்சுகள் இன்றும் நம் ஆலயத்தில் இருக்கின்றன.

அந்தக் கதவு சில மாதங்களுக்கு அல்ல, ஏழு தலைமுறைகளுக்கு மூடிக்கிடந்தால்? பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, குரு என்றால் எப்படி இருப்பார் என்று பார்த்த ஆள்கூட ஊரில் இல்லை என்றால்? அப்படி ஒரு மக்கள் ஜப்பான் நாட்டின் நாகசாகி நகருக்கு அருகே உராகமி என்ற சிற்றூரில் வாழ்ந்தார்கள். இந்தத் தவக்காலத்தில் அவர்களுடைய கதையைக் கொஞ்சம் பொறுமையாக நினைத்துப் பார்ப்போம்.

அந்தக் கதையின் முதல் பக்கத்தில் நமக்கு நன்கு தெரிந்த ஒருவர் நிற்கிறார். முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்களில் கையில் மணியுடன் நடந்து, பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த அதே புனித சவேரியார்தான். நம் கடற்கரையை விட்டுப் போன சில ஆண்டுகளில், 1549 ஆகஸ்ட் 15ஆம் நாள், விண்ணேற்பு அன்னையின் திருநாளன்று, அவர் ஜப்பானின் ககொஷிமா துறைமுகத்தில் இறங்கினார். அங்கே இருந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனத்தின் வாசலில் ஒரு தீவில் இறந்துபோனார். ஆனால் அவர் ஊன்றியது வேர்பிடித்தது. அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் சுமார் மூன்று இலட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள்.

இரண்டு மக்களுக்கும் ஒரே விதை என்பதற்கு ஒரு சின்ன அடையாளம் உண்டு. சிலுவையை நம் கடற்கரை மக்கள் 'குருசு' என்கிறார்கள். நாகசாகி விவசாயிகள் அதைக் 'குருசு' என்றேதான் சொன்னார்கள். போர்த்துக்கீசியரின் ஒரே சொல் இரண்டு கரைகளிலும் ஒதுங்கியிருக்கிறது. நம் ஊரில் அந்தக் குருசை முச்சந்தியில் கெபி கட்டி நட்டோம். அங்கே அதை மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று.

1587இல் ஆட்சியாளர் ஹிதெயோஷி குருக்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அவர்களில் மும்பை அருகே வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் ஒருவர். இந்திய மண்ணில் பிறந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர்தான்; நம் ஊர்களில் அவர் பெயரில் ஓர் ஆலயம்கூட எளிதில் காண முடியாதது வருத்தம்தான். 1614இல் நாடு முழுவதற்கும் தடை. பிறகு தீ, தலைவெட்டு, குழியில் தலைகீழாகத் தொங்கவிடுதல். ஜப்பானில் எஞ்சியிருந்த கடைசிக் குருவாக அறியப்படும் கொனிஷி மான்ஷோ 1644இல் கொல்லப்பட்டார். அதன் பிறகு அந்த நாட்டில் குரு இல்லை.

மறைசாட்சிகளின் இந்தக் கதையை எங்கள் குருமட நாட்களில் திருச்சபை வரலாற்று வகுப்பில் படித்தோம். தேர்வுக்காக ஆண்டுகளை மனப்பாடம் செய்தோம். ஆனால் 1644க்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பாடநூல் இரண்டு வரியில் முடித்துவிட்டது. உண்மையில் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அரசு விட்டுவைக்கவில்லை. ஐந்து ஐந்து வீடுகளாகச் சேர்த்து, ஒரு வீட்டில் கிறிஸ்தவர் இருந்தால் ஐந்து வீட்டுக்கும் தண்டனை என்று கட்டிப்போட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு புத்த விகாரையில் பெயர் பதிய வேண்டும். குருவைக் காட்டிக்கொடுத்தால் வெள்ளிப் பணம் என்று சந்திகளில் பலகை வைத்தார்கள். எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று உண்டு. ஆண்டுதோறும், புத்தாண்டுச் சமயத்தில், ஊரார் ஒவ்வொருவராக வரிசையில் நின்று, தரையில் வைத்த ஒரு படத்தைக் காலால் மிதித்துவிட்டுப் போக வேண்டும். அது ஆண்டவருடைய படமோ அன்னையின் படமோ பொறித்த தகடு. பெரியவர்கள், பிள்ளைகள், நோயாளிகள், எல்லாரும் மிதிக்க வேண்டும். உராகமியில் இது ஊர்த்தலைவரின் வீட்டில் நடந்தது.

இறைமக்களே, இங்கே நாம் நேர்மையாக ஒன்றைப் பார்க்க வேண்டும். மிதிக்க மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு நாம் திருவிழா எடுக்கிறோம், எடுக்க வேண்டும். ஆனால் 250 ஆண்டுகள் கழித்தும் அந்த மண்ணில் விசுவாசிகள் எஞ்சியிருந்தார்கள் என்றால், அவர்கள் யாருடைய பிள்ளைகள்? மிதித்தவர்களுடைய பிள்ளைகள். ஒவ்வோர் ஆண்டும் வரிசையில் நின்று, மிதித்து, தலைகுனிந்து வீட்டுக்கு நடந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள். மறைசாட்சிகளின் இரத்தம் விதை என்று தெர்த்துல்லியன் சொன்னதை நாம் அடிக்கடி மறையுரையில் சொல்கிறோம். அந்த விதையை மண்ணுக்குள் அழுகவிடாமல் காத்தவர்கள் விழுந்தவர்கள். இதை நாம் மறையுரையில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மிதித்தது சரி என்று சொல்ல வரவில்லை. அவர்களே அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் ஏன் அழ வேண்டும்? தகட்டை மிதித்துவிட்டு வந்த அவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு செபத்தைச் சொன்னார்கள். அதைக் 'கொஞ்சிரிசான்' என்று அழைத்தார்கள். நம் மூத்தவர்கள் 'உத்தம மனஸ்தாப மந்திரம்' என்று சொல்வார்களே, அதேதான். துன்புறுத்தல் முற்றுவதற்கு முன்னால், 1603இல், குருக்கள் தொலைநோக்கோடு ஒரு சிறு நூலை எழுதிவைத்திருந்தார்கள். குரு கிடைக்காத காலத்தில் ஒருவர் எப்படி மனம்வருந்தி மன்னிப்புப் பெறலாம் என்பதைச் சொல்லும் நூல். அச்சுப் பிரதிகள் அழிந்தன. மக்கள் அதைக் கையால் எழுதினார்கள், மனத்தில் எழுதினார்கள், பிள்ளைகளுக்கு ஒப்பித்தார்கள்.

கொஞ்சம் இறையியல் பேச அனுமதியுங்கள். திரிதெந்து பொதுச்சங்கம் 1551இல் போதித்தது இது: கடவுள்மேல் கொண்ட அன்பினால் எழும் முழுமையான மனத்துயர், அருளடையாளம் பெறுவதற்கு முன்னரே மனிதரை இறைவனோடு ஒப்புரவாக்கும். ஆனால் அந்த மனத்துயருக்குள்ளேயே, வாய்ப்புக் கிடைக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற விருப்பமும் அடங்கியிருக்க வேண்டும். நாம் எல்லாரும் மறைக்கல்வியில் படித்ததுதான். இதை உராகமிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 1700ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நெல் விளைவிக்கும் ஒரு குடியானவர் இரவில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, "குரு வரும்போது அவரிடம் என் பாவத்தை அறிக்கையிடுவேன்" என்று வாக்குக் கொடுக்கிறார். குரு வரவில்லை. அடுத்த ஆண்டும் மிதிக்கிறார், அடுத்த ஆண்டும் அதே வாக்கு. குரு வராமலே அவர் இறந்துபோகிறார். அவருடைய மகன் அதே வாக்கைக் கொடுக்கிறான். பேரனும் கொடுக்கிறான்.

நம் பேச்சுத் தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறோம். கடவுளை நம்புவதும் நம்பிக்கை, நல்லது நடக்கும் என்பதும் நம்பிக்கை. திருச்சபை இரண்டாவதை 'எதிர்நோக்கு' என்று தனியே பிரித்துச் சொல்லும்போது, "என்ன சாமி, இவ்வளவு கடினமான சொல்லா?" என்று கேட்டவர்கள் உண்டு. உராகமியைப் படித்த பிறகு அந்தச் சொல் நமக்கு எளிதாகிவிட்டது. கடலுக்குப் போன கட்டுமரத்துக்காகக் கரையில் நிற்கிற பெண் எதை நோக்கி நிற்கிறாள்? தொடுவானத்தைத்தான். அங்கே எதுவும் தெரிவதில்லை. ஆனாலும் முகம் அந்தப் பக்கம்தான். உராகமி மக்கள் கடலைத்தான் எதிர்நோக்கினார்கள். ஏன் என்று சொல்கிறோம்.

பஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியார் ஒருவர் இருந்தார். தலைமறைவாக இருந்து மக்களுக்குப் போதித்தவர். 1657 அளவில் பிடிபட்டுத் தலைவெட்டப்பட்டார் என்பது அந்த மக்களின் மரபு. அவர் விட்டுப்போன சொத்து இரண்டு. முதலாவது, ஒரு வாக்கு. ஏழு தலைமுறைக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் பெரிய கரிய கப்பல்களில் வருவார்கள், வாரந்தோறும்கூட நீங்கள் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், எங்கு வேண்டுமானாலும் உரக்கச் செபம் பாடிக்கொண்டு போகலாம் என்று அவர் சொல்லியிருந்தாராம். இந்த வாக்கைத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். கவனியுங்கள், பணம் வரும், நிலம் வரும், பகைவர் அழிவார்கள் என்று அந்த வாக்கில் இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்யக் கிடைக்கும் என்பதுதான் அவர்களுடைய பெரிய நல்ல காலம்! நாமோ சனிக்கிழமை மாலைகளில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து ஆளுக்காகக் காத்திருக்கிறோம்.

பஸ்தியானின் இரண்டாவது சொத்து ஒரு நாள்காட்டி. 1634ஆம் ஆண்டுக்குரிய திருவழிபாட்டு நாள்காட்டியை அடிப்படையாகக் கொண்டது. அதை வைத்துத்தான் உராகமியின் முழு வாழ்வும் ஓடியது. ஊரில் ஒருவர் அந்த நாள்காட்டியைக் காப்பவர். ஆண்டுதோறும் திருநாட்கள் எந்தெந்த நாளில் வருகின்றன என்று கணக்கிடுவது அவர் பொறுப்பு. வேறு சிலர் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பவர்கள். இன்னும் சிலர் வீடு வீடாகச் சென்று, "நாளை ஞாயிறு, வயலில் இறங்காதே", "இன்று ஒருசந்தி" என்று காதோடு சொல்பவர்கள். நம் ஊர் உபதேசியார், அன்பியப் பொறுப்பாளர், கோயில்பிள்ளை போன்றவர்கள்தாம். ஆனால் பிடிபட்டால் உயிர் போகும். வெளியே அவர்கள் விகாரையில் பெயர் எழுதிய புத்தர்கள். வீட்டில் சீனத்துப் பீங்கானில் செய்த கன்னோன் தேவியின் சிலை. அதன் முன் அவர்கள் மண்டியிட்டபோது மனத்தில் இருந்தவர் அன்னை மரியா. யாராவது இறந்தால் புத்த பிக்கு வந்து சூத்திரம் ஓத வேண்டும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் ஒருவர் மெல்லிய குரலில் நம் செபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த நாள்காட்டிக்காரர்களின் வரிசையில் ஏழாவது தலைமுறையைச் சேர்ந்த கிச்சிசோ என்பவர் 1856இல் நடந்த கைதுகளில் பிடிபட்டுச் சிறையில் இறந்தார். வாக்கில் சொன்ன ஏழாவது தலைமுறை அவருடையது. கப்பல் வந்து குருவைக் காணாமலே போய்விட்டார். இந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் நமக்கு மோசேயின் நினைவு வருகிறது. நெபோ மலையிலிருந்து நாட்டைப் பார்த்தார், கால் வைக்கவில்லை. கிச்சிசோ பார்க்கக்கூட இல்லை. ஒன்பது ஆண்டுகள்தான் இடைவெளி.

கரிய கப்பல்கள் வந்தேவிட்டன. 1850களில் மேலைநாடுகள் ஜப்பானின் துறைமுகங்களைத் திறக்கவைத்தன. வெளிநாட்டு வணிகருக்காக ஆலயம் கட்ட அனுமதி கிடைத்தது. ஜப்பானியர் கிறிஸ்தவராவது மட்டும் இன்னும் மரணக் குற்றம்தான். நாகசாகிக்கு வந்தவர்கள் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள். நம் புதுச்சேரி மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்த அதே சபை. அவர்கள் ஊரா என்ற இடத்தில் 26 மறைசாட்சிகளின் பெயரில் ஓர் ஆலயம் கட்டினார்கள். 1865 பிப்ரவரி 19ஆம் நாள் அர்ச்சிப்பு நடந்தது. ஊரார் அதைப் 'பிரெஞ்சுக் கோயில்' என்று வேடிக்கை பார்த்தார்கள்.

சரியாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 17ஆம் நாள், வெள்ளிக்கிழமை, நண்பகல் தாண்டிய நேரம். அருள்பணியாளர் பெத்திஜான் ஆலயக் கதவருகே பன்னிரண்டு, பதினைந்து பேர் நிற்பதைக் கண்டார். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும். வெறும் வேடிக்கை பார்ப்பவர்கள் போல் தெரியவில்லை. கதவைத் திறந்துவிட்டுப் பீடத்தின் முன் போய் மண்டியிட்டார். அவர்கள் பின்னால் வந்தார்கள். மூன்று பெண்கள் அவருக்கு அருகே முழந்தாளிட்டார்கள். அவர்களில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, சுவருக்கும் காது உண்டு என்று பயப்படுபவள் போல, நெஞ்சில் கைவைத்து மெதுவாகச் சொன்னாள்: இங்கே வந்திருக்கிற எங்கள் எல்லாருடைய இதயமும் உங்கள் இதயமும் ஒன்றே. எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்டார். உராகமி என்றார்கள். அங்கே ஏறக்குறைய எல்லாருக்கும் இதே இதயம்தான் என்றார்கள். அடுத்த கணமே அந்தப் பெண் கேட்டது: சாந்தா மரியாவின் சிலை எங்கே?

இஸபெலினா என்ற திருமுழுக்குப் பெயருடைய ஊரி சுகிமோட்டோ அந்தப் பெண். ஒரு குருவானவர் அல்ல, ஊர்த்தலைவர் அல்ல, ஒரு கிராமத்துத் தாய். அன்னையின் பீடத்துக்கு அவர் அவர்களை அழைத்துப்போனார். பாலன் இயேசு கையில் இருக்கிறார் என்று கண்டதும் அவர்கள் அடக்க முடியாமல் பேசத் தொடங்கினார்கள். குளிர் மாதத்தின் 25ஆம் நாள் ஆண்டவர் பிறந்த திருநாளைக் கொண்டாடுகிறோம் என்றார்கள். இப்போது நாங்கள் துயரக் காலத்தில் இருக்கிறோம், இன்று அதன் பதினேழாம் நாள் என்றார்கள்.

பெத்திஜான் தம் கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1865இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 16. அப்படியானால் சாம்பல் புதன் மார்ச் 1. அதிலிருந்து எண்ணினால் மார்ச் 17 தவக்காலத்தின் பதினேழாம் நாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை! குருமடம் இல்லை, ஆயர் இல்லை, அச்சடித்த பங்குக் காலண்டர் இல்லை. கையெழுத்துப் பிரதியையும் தங்கள் சந்திர மாதக் கணக்கையும் வைத்துக்கொண்டு, மாட்டுக் கொட்டிலுக்கும் வயலுக்கும் நடுவே, எழுத்தறிவு குறைந்த குடியானவர்கள் உரோமையில் திருத்தந்தை எந்த நாளில் இருக்கிறாரோ அதே நாளில் இருந்தார்கள். எதிர்நோக்கு என்பது மனத்தில் எழுகிற ஓர் இதமான உணர்ச்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உராகமியில் அது ஒரு வேலையாக இருந்தது. யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தலைமுறை எண்ண மறந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் வாயில் அந்தச் சொல் வந்திருக்காது.

செய்தி பரவியது. தீவுகளிலிருந்து படகேறி வந்தார்கள். காமினோஷிமா தீவில் திருமுழுக்குக் கொடுப்பவராக இருந்த பேதுரு என்பவர் வந்து குருக்களைச் சோதித்துப் பார்த்தார். உரோமையில் இருக்கிற பெரிய தலைவரை உங்களுக்குத் தெரியுமா, அவர் பெயர் என்ன என்று கேட்டார். ஒன்பதாம் பயஸ் என்றார்கள். பிறகு தயங்கித் தயங்கி, உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்றார். நாங்கள் மணமாகாதவர்கள் என்றதும் அவரும் உடன் வந்தவரும் தரையில் நெற்றி பட விழுந்து நன்றி சொன்னார்கள். தங்கள் முன்னோர் சொல்லிவைத்த அடையாளம் பொருந்திவிட்டது. இவர்கள்தாம் அவர்கள்.

கதை இங்கே மகிழ்ச்சியாக முடிந்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். அப்படி முடியவில்லை. குரு வந்துவிட்டார் என்ற துணிவில் உராகமி மக்கள் புத்த பிக்குவை அழைக்காமலே தங்கள் இறந்தோரை அடக்கம் செய்தார்கள். 1867 ஜூலையில் ஓர் இரவு படை வந்து 68 பேரைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. புதிய மெய்ஜி அரசும் தடையை விடவில்லை. முதலில் தலைவர்களையும், 1870இல் மிச்சமிருந்த ஊரையும் பெயர்த்தெடுத்து, 3,000க்கும் அதிகமானவர்களை நாட்டின் மூலை முடுக்கெல்லாம் நாடுகடத்தினார்கள். த்சுவானோ என்ற மலையூரில் பனிக்காலத்தில் உறைந்த குளத்தில் இறக்கினார்கள். நிமிர்ந்து உட்கார முடியாத மூன்றடிக் கூண்டில் அடைத்தார்கள். 600க்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. குரு வந்த பிறகு இது! 250 ஆண்டு காத்திருந்ததற்குக் கிடைத்தது இதுதானா என்று கேட்க அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சிலர் சித்திரவதை தாங்காமல் மறுதலித்தார்கள். ஊர் திரும்பி மறுபடியும் விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள் அவர்களில் உண்டு. முன்னோர் வழி அவர்களுக்கு அத்துப்படி.

அந்த நாடுகடத்தலை அவர்கள் தங்களுக்குள் 'பயணம்' என்று அழைத்தார்கள். வேறு கசப்பான சொல் எதையும் வைக்கவில்லை.

மேலைநாடுகளுக்குத் தூது போன ஜப்பானிய அமைச்சர்கள் போன இடமெல்லாம் இதைப் பற்றிக் கேள்வி கேட்கப்பட்டார்கள். 1873 பிப்ரவரி 24ஆம் நாள் சந்திகளில் இருந்த தடைப் பலகைகளை அகற்ற ஆணை வந்தது. பயணம் போனவர்கள் ஊர் திரும்பினார்கள். வயல் புதர்மண்டிக் கிடந்தது, வீடுகள் இடிந்துகிடந்தன. சில ஆண்டுகளில், வறுமையிலும் காசு சேர்த்து, அவர்கள் ஓர் இடத்தை விலைக்கு வாங்கினார்கள். எந்த இடம் தெரியுமா? ஊர்த்தலைவரின் வீடு. ஆண்டுதோறும் அவர்களும் அவர்கள் பாட்டன்மாரும் வரிசையில் நின்று ஆண்டவரின் படத்தை மிதித்த அதே வீடு. அங்கேதான் கோயில் கட்டினார்கள். 1895இல் பெரிய ஆலயத்தின் பணி தொடங்கியது. செங்கல் செங்கல்லாகச் சேர்த்து 1914இல் அர்ச்சித்தார்கள். வேறு நல்ல மனை கிடைக்காமலா அதை வாங்கினார்கள்? தாங்கள் விழுந்த இடத்தை மறைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அங்கே பீடம் வைக்கத் தோன்றியது.

அந்த ஆலயத்தின் முடிவு நம் எல்லாருக்கும் தெரியும். 1945 ஆகஸ்ட் 9ஆம் நாள், முற்பகல் 11:02 மணி. அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டரில் உராகமி ஆலயம். விண்ணேற்புத் திருநாளுக்குத் தயாரிப்பாக உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. குருக்களும் வரிசையில் நின்ற மக்களும் அங்கேயே மாண்டார்கள். 12,000 பங்கு மக்களில் சுமார் 8,500 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. இதற்கு நம்மிடம் விளக்கம் இல்லை; விளக்கம் சொல்ல முயல்வதும் தகாது. நடந்ததை மட்டும் சொல்வோம். இடிபாடுகளிலிருந்து ஒரு மணியைத் தோண்டி எடுத்தார்கள். அந்த ஆண்டின் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா இரவில் அதைக் கட்டித் தொங்கவிட்டு அடித்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மறைந்து வாழ்ந்தவர்கள் எல்லாரும் திருச்சபைக்குத் திரும்பவில்லை. முன்னோர் கொடுத்தது இதுதான், இதை மாற்ற மாட்டோம் என்று பலர் தனியாகவே இருந்துவிட்டார்கள். இகிட்சுகி தீவில் அவர்களுடைய வழித்தோன்றல்கள், பொருள் முழுதும் புரியாத இலத்தீன் ஒலிகள் கலந்த செபங்களை நம் காலம் வரை ஓதிவந்திருக்கிறார்கள். அவர்கள்மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. அந்த ஒலிகளையாவது விடாமல் பிடித்திருந்தார்களே.

வீடு சந்திக்கப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் ஒரு சொல் உண்டு. "வரணும்னுதான் இருக்கு சாமி, ஆனா எந்த முகத்த வச்சிக்கிட்டு வர்றது?" திருமணம் முறையாக நடக்காத வீடு, குடி விட முடியாத வீடு, கடனுக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வீடு, பத்து ஆண்டு, இருபது ஆண்டு பாவசங்கீர்த்தனம் செய்யாத பெரியவர். அவர்களுக்கு மறைசாட்சிகளின் கதையைச் சொன்னால் இன்னும் கூனிக் குறுகிப்போகிறார்கள். அதனால்தான் இன்று மிதித்தவர்களின் கதையைச் சொன்னோம்.

சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் தவக்காலத்தின் பதினேழாம் நாள் எல்லா ஆண்டும் வெள்ளிக்கிழமையில்தான் வரும். நம் பங்கில் அன்று மாலை வழக்கம்போல் சிலுவைப்பாதை. அது முடிந்த பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குக் குருக்கள் காத்திருப்பார்கள். கடைசி ஆள் வரும்வரை ஆலயக் கதவைப் பூட்ட வேண்டாம் என்று கோயில்பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.